பதில்: கீமோ முடிந்த மகனைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

சகோதரி, ரத்தப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து 3 மாதம்தான் ஆகிறது, குன்னூர் குளிரில் மகனைப் பள்ளிக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கோத்தகிரியில் எங்கள் மகளும் இதே வழியில் வந்தவள்தான். டாக்டர் சரி என்றால் அனுப்புங்கள். குளிரால் அந்த நோய் திரும்பாது. வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டால் உடனே சொல்லும்படி டீச்சரிடம் சொல்லிவையுங்கள், அதுதான் முக்கியம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், டாக்டருக்கு போன் போடுங்கள். மழையில் மண் சரிந்தால் ஆஸ்பத்திரிக்கு மலையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதே பெரும்பாடு, தெரியாததா! விடுபட்ட தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள்.

எங்கள் மகள் முதல் நாள் கம்பளித் தொப்பியைக் கழற்றவே இல்லை. இரண்டாம் வாரம் அது பைக்குள் கசங்கிக் கிடந்தது, கூடவே பாதி தின்ற வர்க்கி பிஸ்கட். முன்பு நர்ஸ் ஆவேன் என்பாள். இப்போது மலை ரயில் ஓட்டப் போகிறாளாம்.