அண்ணாச்சி பதில்கள்

(பாளையங்கோட்டையில் அச்சகம் நடத்தி ஓய்ந்த அண்ணாச்சி, இந்த இதழில் சிறுவர் புத்தகக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன முப்பது கதைகளை எழுதி வைத்திருக்கிறேன். புத்தகமாகப் போட ஒரு பதிப்பகத்தில் நாற்பதாயிரம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அம்பாசமுத்திரம்

எதற்கு நாற்பதாயிரம் என்று முதலில் கேளுங்கள் சார். நான் தொழில் பார்த்த காலத்தில் ஆயிரம் பிரதிக்குக் குறைந்து ஆப்செட்டில் ஓட்டினால் கட்டுப்படியாகாது. நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட் என்கிற அச்சுத் தகட்டின் செலவு ஒன்றுதான். இன்றைய டிஜிட்டல் மெஷினுக்குப் பிளேட்டே வேண்டாம். பிரதிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், ஆனால் ஐம்பது போதுமென்றால் ஐம்பதோடு நிறுத்தலாம். தீர்ந்தபிறகு மறுபடி போடலாம். நல்ல வசதிதான். ஆயிரம் போட்டாச்சு என்று சொல்லி நூறோடு முடித்துக்கொள்கிறவர்களுக்கும் அதே வசதி! எத்தனை பிரதி, உங்கள் கைக்கு எத்தனை, ஓவியருக்கு எவ்வளவு, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-க்குத் தனியாகப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள மத்திய அரசு முகமை அதை இலவசமாகத் தருகிறது. எழுதியவரே விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று. முப்பதையும் ஒரே புத்தகமாகக் கட்டாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளை அந்தக் கனத்தைப் பார்த்ததுமே பாடப்புத்தகம் என்று ஒதுக்கிவிடும். கதைக்கு ஒரு புத்தகம், 16 பக்கம், பெரிய எழுத்து, நடுவில் பின். 16 பக்கம் என்றால் சரியாக ஒரு ஃபாரம், அதாவது ஒரே பெரிய தாளை அச்சிட்டு மடித்தால் வருவது. பேப்பரும் வீணாகாது. முதலில் மூன்று கதை போடுங்கள். எந்த மூன்று என்பதைப் பேரப்பிள்ளைகளிடம் விடுங்கள். கடைசிப் பக்கத்தில் ‘இதனால் அறியப்படும் நீதி’ மட்டும் வேண்டாம், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

எங்கள் பள்ளிக்கு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வந்தன. பிள்ளைகள் கிழித்துவிடும் என்று பீரோவில் பூட்டிவிட்டார்கள். என்ன செய்வது?
- ஆசிரியை, களக்காடு பக்கம்

கிழியட்டும் டீச்சர். நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்து, சின்னச் சின்னப் புத்தகங்களாக அரசு போட்டுக் கொடுத்ததே பிள்ளைகள் கையில் புரளத்தான். வகுப்பில் குறுக்கே ஒரு கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். எது முதலில் கிழிகிறதோ அதுதான் நல்ல புத்தகம். விமர்சகர்களை விட எனக்கு அந்தக் கணக்கில்தான் நம்பிக்கை. ஒட்டுவதற்குப் பசை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருந்தால்தானே சிறுவர் எழுத்தாளராகப் பெயர் வாங்க முடியும்?
- வாசகர், கோவில்பட்டி

கோவில்பட்டியில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்? 2023-ல் சாகித்ய அகாதெமியின் சிறுவர் இலக்கிய விருதான பால சாகித்ய புரஸ்கார் வாங்கிய உதயசங்கர் உம்ம ஊர்க்காரர்தானே, வே! விருது வாங்கிய ‘ஆதனின் பொம்மை’ கீழடியைப் பிள்ளைகளுக்குச் சொல்கிற நாவல். பதிப்புக்கும் நம்ம சீமை இளைத்ததில்லை. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920-ல் திருநெல்வேலியில்தான் தொடங்கியது.

சிறுவர் கதைக்கு ஏ.ஐ. மூலம் படம் போட்டால் செலவு மிச்சம். தப்பா?
- கல்லூரி மாணவர், மேலப்பாளையம்

ஒரு தம்பி அப்படிப் போட்ட படத்தைக் கொண்டுவந்து காட்டினான். பனைமரம் கேட்டானாம், தென்னங்கீற்றை மாட்டிக் கொடுத்திருக்கிறது. பனங்காட்டு ஊரான உடன்குடிப் பிள்ளை பார்த்தால் கதையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கும். நாளைக்கு அது பனையைச் சரியாகவே வரையலாம், அதையும் மறுக்கவில்லை. ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படம்தான் புத்தகம். எழுதியவர் சொல்லாமல் விட்டதை ஓவியர் ஓரத்தில் வரைந்து வைப்பார்: வாலை ஆட்டுகிற நாய், திண்ணையில் தூங்குகிற தாத்தா. பிள்ளை விரல் வைத்துத் தேடுவது அதைத்தான். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கலரைக் குறையுங்கள். கறுப்பு வெள்ளையில் நல்ல கோடு போதும், மிச்சத்தைப் பிள்ளை கிரையானால் தீட்டிக்கொள்ளும். ஓவியர் பெயரை உள்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளிக்காமல், அட்டையில் உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.