அரிசி நாடு என்று நம்பிப் புறப்பட்டுவிடாதீர்கள்

கேள்வி: எனக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் புண்ணாக்கும் நோய், இருப்பது சென்ற ஆண்டு தெரியவந்தது. அலுவலக வேலையாக மூன்று வாரம் ஜப்பான் போக வேண்டியிருக்கிறது. "அவர்களும் நம்மைப் போலச் சோறு சாப்பிடுகிறவர்கள்தானே, என்ன பயம்?" என்கிறார்கள் வீட்டில். குளூட்டன் படாமல் அங்கே சாப்பிட முடியுமா?

முடியும். ஆனால் வீட்டில் சொல்லும் அந்தக் காரணத்தை நம்பிப் போகாதீர்கள். நான் அப்படி நம்பித்தான் போனேன். எனக்கு இந்த நோய் உறுதியாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இத்தாலிக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், ஜப்பானுக்கு ஒரு முறை. மூன்று வேளையும் கோதுமை மணக்கும் இத்தாலியில் ஒரு நாள்கூட வயிறு கெடவில்லை. ஜப்பானில் இரண்டாம் நாளே படுத்துவிட்டேன்.

கியோட்டோவில் நல்ல ஆகஸ்ட் வெயில். ஒரு சிறிய உணவகத்தில் சுட்ட மீனும் சோறும் கேட்டேன். கோதுமை இருக்கிறதா என்று கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன். கடைக்கார அம்மா மீனைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், இல்லை என்று தலையசைத்தார். அவர் பொய் சொல்லவில்லை. மீனின் மேல் தடவியிருந்தது ஷோயு, அதாவது சோயா சாஸ். வழக்கமான ஷோயு ஏறத்தாழ சரிபாதி சோயாவும் சரிபாதி கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்துச் செய்வது. ஆனால் சமைப்பவர் மனத்தில் அது கோதுமை அல்ல, வெறும் ஷோயு. நம் வீட்டில் சாம்பாரில் என்னென்ன போட்டாய் என்று கேட்டால் யாராவது பெருங்காயத்துக்குள் இருக்கும் மாவைச் சொல்வார்களா? அதுபோலத்தான். போதாக்குறைக்கு, தண்ணீருக்குப் பதிலாக மேசையில் வைத்திருந்த குளிர்ந்த பழுப்பு நிறத் தேநீரை மூன்று டம்ளர் குடித்தேன். அதன் பெயர் முகிச்சா, வறுத்த பார்லியில் இறக்கியது என்று அன்று இரவுதான் தெரிந்துகொண்டேன். கோடையில் பல கடைகளில் அதைக் கேட்காமலேயே ஊற்றுகிறார்கள். என்னைப் படுக்கவைத்தது மீனா தேநீரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுமே நமக்கு ஆகாது.

அதனால் முதலில் மனத்தில் பதிய வேண்டியது இதுதான்: நமக்கு விலக்கு கோதுமை மட்டும் அல்ல, பார்லியும் ரை தானியமும் சேர்த்து. ஜப்பானில் பார்லி எங்கெங்கோ ஒளிந்திருக்கிறது. சோயாவைப் புளிக்கவைத்த விழுதான மிசோவில் பார்லி மிசோ என்றே ஒரு வகை உண்டு. சோற்றிலேயே பார்லி கலந்து வடிக்கும் வழக்கமும் உண்டு. முகி கோஹான் என்பார்கள். வெள்ளைச் சோறு என்று கேட்டு வாங்குங்கள். சோபா நூடுல்ஸ் குளூட்டன் இல்லாத பக்வீட் தானியத்தில் செய்வது என்று படித்துவிட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். பெரும்பாலும் எட்டுப் பங்கு அதுவும் இரண்டு பங்கு கோதுமையும் சேர்த்துப் பிசைகிறார்கள். முழுக்கப் பக்வீட் என்று விற்றாலும், கொதிக்கும் தண்ணீர் எல்லா நூடுல்ஸுக்கும் ஒன்றுதான். மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புராவின் எண்ணெயும் அப்படியே.

கடையில் பொட்டலம் வாங்கும்போது ஒரு வசதி இருக்கிறது. அந்நாட்டுச் சட்டப்படி பொட்டல உணவில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் கோதுமையும் ஒன்று. பார்லி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒவ்வாமைக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாமல், உட்பொருள் வரிசை முழுவதையும் பாருங்கள். ஜப்பானிய எழுத்து முழுவதும் கற்க வேண்டியதில்லை, ஒரே ஓர் எழுத்துப் போதும். கோதுமைக்குக் கொமுகி, பார்லிக்கு ஓமுகி. முதலெழுத்து முறையே 'சிறிய', 'பெரிய' என்பதைக் குறிக்கும். இரண்டாவதாக வரும் 'முகி' எழுத்து (麦) இரண்டிலும் ஒன்றே. ரையிலும், முளைகட்டிய தானியமான மால்ட்டிலும்கூட அதே எழுத்து வருகிறது. அதைப் பெரிதாக அச்செடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். அந்த எழுத்து கண்ணில் பட்டால் பொட்டலத்தைத் திருப்பி வைத்துவிடுவேன். மூன்றாம் நாளிலிருந்து என்னைக் காப்பாற்றியது அதுதான்.

அங்கே இந்த நோயைப் பற்றி அறிந்தவர் குறைவு என்பதற்குக் காரணம் இருக்கிறது. சீலியாக் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வகைகளில் முக்கியமான எச்.எல்.ஏ. டி.க்யூ.2 ஜப்பானியரிடம் மிக அரிது, ஆகவே நோயாளிகளும் அரிது. தெரியாதவரிடம் "குளூட்டன் ஆகாது" என்று ஒரு சொல் சொல்லி விளங்கவைக்க முடியாது.

இத்தாலி இதற்கு நேர்மாறு. அங்கே 2005-ஆம் ஆண்டிலேயே இந்த நோய்க்கென ஒரு தனிச் சட்டம் வந்துவிட்டது. நோயாளிகளுக்குக் குளூட்டன் இல்லாத உணவு வாங்க அரசு மாதந்தோறும் உதவி தருகிறது. பள்ளி, மருத்துவமனை உணவுக்கூடங்கள் கேட்டால் தனி உணவு கொடுக்க வேண்டும். 2023-இல் குழந்தைகளுக்கு இந்த நோயைக் கண்டறியும் பரிசோதனைக்கும் சட்டம் செய்தார்கள். அங்குள்ள சீலியாக் சங்கம் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொண்ட உணவகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மருந்துக்கடையில்கூடக் குளூட்டன் இல்லாத ரொட்டி கிடைக்கும். பொலோனியாவில் ஒரு கடையில் நுழைந்து "சோனோ செலியாக்கா" என்றேன், நான் சீலியாக் நோயாளி என்று பொருள். பரிமாறும் பையன் நின்று யோசித்துவிட்டு, "எங்கள் அடுக்களையில் மாவு பறக்கும், உங்களுக்கு நாங்கள் சமைக்கக் கூடாது" என்று சொல்லி, இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடைக்கு வழி காட்டினான். என் பதினோரு ஆண்டுகளில் கிடைத்த மிகச் சிறந்த உபசாரம் அது. அந்த "வேண்டாம்" எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஜப்பானில் அந்த அறிவை நீங்கள்தான் கையோடு கொண்டுபோக வேண்டும். ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஓர் அட்டை எழுதி வாங்குங்கள். கைப்பேசி மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாதீர்கள். "ஒவ்வாமை" என்று மட்டும் எழுதாமல், சிறிதளவு பட்டாலும் குடலைப் பாதிக்கும் நோய் என்று எழுதச் சொல்லுங்கள். கோதுமை, பார்லி, ரை, அதன் கீழே ஷோயு, மிசோ, முகிச்சா, தெரியாக்கி சாறு என்று பெயர் பெயராக. பிறகு சமையல்: வேறு எதையும் பொரித்த எண்ணெய் வேண்டாம், நூடுல்ஸ் வெந்த தண்ணீர் வேண்டாம், பலகையும் கத்தியும் கழுவியதாக இருக்கட்டும். கடைசி வரியில், "செய்ய இயலாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், நான் வருந்தமாட்டேன்." இந்த வரியை விட்டுவிடாதீர்கள். விருந்தினரிடம் முடியாது என்று சொல்ல அங்கே மிகவும் கூசுவார்கள். என் அட்டையில் இந்த வரியைப் படித்துவிட்டு நான்கு கடைகளில் பணிவாக மறுத்தார்கள். நான்கு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

என்னதான் சாப்பிட்டேன் என்றால்: உப்பு மட்டும் தடவிச் சுட்ட மீன், அதற்கு ஷியோயாக்கி என்று பெயர். வெள்ளைச் சோறு, பழம், தயிர். கோதுமை சேர்க்காத தாமாரி என்ற சாஸைச் சிறு பொட்டலங்களாக வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டதால் பச்சை மீனும் சாப்பிட முடிந்தது. அப்புறம், யாகி இமோ. சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குதான்! பல்பொருள் அங்காடி வாசலிலேயே சூடாக வைத்து விற்கிறார்கள், வேறு ஒன்றும் சேர்ப்பதில்லை. காகிதத்தில் சுற்றித் தருவார்கள், உரித்தால் தேன்போல் இருக்கும். எத்தனையோ மாலைகள் அதுவே இரவு உணவாயிற்று.

ஊரிலிருந்து எடுத்துப்போவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவல், கடலை மிட்டாய் எல்லாம் நல்லது, அந்நாட்டு 100 வோல்ட் மின்சாரத்தில் வேலைசெய்யும் சிறிய குக்கர் இன்னும் நல்லது. ஆனால் அம்மா ஆசையாகக் கட்டித்தரும் பருப்புப் பொடியையும் புளிக்காய்ச்சலையும் ஒருமுறை விசாரியுங்கள். நாம் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. டப்பாவின் பின்புறம் பார்த்தால் தெரியும். நான் அரிசி மாவு சேர்த்ததைத் தேடி வாங்கி, என் பொடியைத் தனியாக இடித்துக்கொள்கிறேன். வெளிநாட்டில் தோசை கிடைக்கும் இந்திய உணவகத்துக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். ரவா தோசை வார்த்த கல்லில்தான் உங்கள் தோசையும் வேகும்.

விமானத்துக்கு ஜி.எஃப்.எம்.எல். என்ற குறியீட்டில் முன்கூட்டியே உணவு பதிவுசெய்யுங்கள். தட்டு வந்ததும் மேலே ஒட்டிய சீட்டைப் பாருங்கள். ஒருமுறை எனக்குச் சரியான தட்டில் சாதாரண ரொட்டியை வைத்துக் கொடுத்தார்கள். கையில் அவல் இருந்ததால் பிழைத்தேன்.

தவறிப்போய்ச் சாப்பிட்டுவிட்டால் அதைத் திருப்பும் மருந்து எதுவும் கிடையாது. நிறையத் தண்ணீர், ஓய்வு, எளிய உணவு, கடுமையாக இருந்தால் மருத்துவர். வயிறு வலிக்கவில்லை என்பதற்காக ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணி அடுத்த வேளையும் துணியாதீர்கள்; அறிகுறி இல்லாமலும் குடல் புண்படும்.

உங்களுக்கு உண்மையில் கடினமாக இருக்கப்போவது தனியாகச் சாப்பிடும் வேளைகள் அல்ல, அலுவலக விருந்துகள். பெரிய மேசை, பொதுத்தட்டு, எல்லாருக்கும் பியர், அதுவும் பார்லிதான். அங்குள்ள சக ஊழியர் ஒருவரிடம் போன உடனேயே அட்டையைக் கொடுத்து, விருந்துக்கு முந்தைய நாள் உணவகத்துக்குத் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். அவர்கள் மொழியில், அவர்கள் முறையில் அவர் கேட்டால் உண்மையான பதில் வரும். முடியாது என்று வந்தால், கிளம்பும் முன் அறையிலேயே சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டு, விருந்துக்குப் போய் எல்லாரோடும் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.