முதல் கமரா எந்தக் கொம்பனியில் வாங்குவது? கேள்வி - பதில்

கிளிநொச்சி வாசகி: பிள்ளைகளின் படங்களும் வீட்டு விசேஷங்களும் எடுக்க முதன்முதலாகக் கமரா வாங்கப் போகிறோம். கெனனா, நிக்கொனா, சோனியா?

ஒரே விலைக்கு வரும் மூன்றும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எதனுடையது என்று சொல்வது கடினம். லென்ஸைப் பார்த்து முடிவெடுங்கள். கமரா சில வருடங்களில் பழையதாகிவிடும். நல்ல லென்ஸ் அதற்குப் பிறகும் உழைக்கும். ஆனால் ஒரு கொம்பனியின் லென்ஸ் இன்னொன்றில் நேரடியாகப் பூட்டாது. ஒரே கொம்பனிக்குள்ளும் வேறுபாடு உண்டு. கெனனில் பழைய ஈஎஃப் லென்ஸை, 2018இல் வந்த ஆர்எஃப் கமராவில் அடப்டர் போட்டுப் பாவிக்கலாம். ஆர்எஃப் லென்ஸைப் பழைய கமராவில் பாவிக்க முடியாது. நிக்கொனின் பழைய எஃப், புதிய இசட் இரண்டும் இதேபோலத்தான். சோனியின் ஈ மவுண்ட் (லென்ஸ் பூட்டும் வாய்) 2010இலிருந்து மாறவில்லை.

அதனால் உறவுக்குள், அயலுக்குள் யாரிடம் என்ன கமரா இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். அதே கொம்பனியை எடுத்தால் கலியாணவீட்டுக்கு ஒரு லென்ஸ் இரவல் வாங்கலாம், பழக்கித் தரவும் ஆள் இருக்கும். தொடக்கத்துக்கு 18-55 மிமீ ஸூம் லென்ஸ் போதும். மிச்சக் காசில் இரண்டாவது பற்றரியும், நம்பிக்கையான கடையில் 64 ஜிபி கார்ட்டும் வாங்குங்கள். போலிக் கார்ட் நிறைந்ததும் படங்கள் பழுதாகும்.

புதுக்குடியிருப்பு வாசகர்: கனடாவிலிருந்து அண்ணா அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வாங்கலாம். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று இருந்தால் எங்கள் 230 வோல்ட்டுக்குச் சரி, பிளக் முனை மட்டும் மாற்ற வேண்டும். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். பழுதானால் திருத்தும் செலவு உங்களுடையது. விலை வித்தியாசம் அதைத் தாங்குமா என்று கணக்குப் பாருங்கள்.

ஒட்டுசுட்டான் வாசகர்: வட்டாப்பளை அம்மன் கோவில் பொங்கல் இரவில் எடுத்த படங்கள் எல்லாம் கலங்கிவிட்டன. கமரா கூடாதா?

கமராவில் பிழையில்லை. 18-55 லென்ஸை 55 வரை முழுதாக ஸூம் செய்தால் எஃப் 5.6 தான் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துவாரம் பெரிது). வெளிச்சம் போதாமல், திறந்து மூடும் ஷட்டர் மெதுவாகும், காவடி ஆடுபவர் கலங்குவார். லென்ஸில் உள்ள அதிர்வு தடுப்பு உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே அடக்கும், ஆடுபவரை நிறுத்தாது. கமராவோடு வரும் ஃபிளாஷ் சில மீற்றரோடு ஓய்ந்துவிடும்.

எஃப் 1.8 லென்ஸ், 5.6ஐ விடப் பத்து மடங்களவு வெளிச்சம் உள்ளே விடும். ஷட்டரை 1/125 செக்கனிலும், வெளிச்சத்துக்கான உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 இலும் வைத்துத் தொடங்குங்கள். ஓட்டோவில் எடுப்பதென்றால் வெளிச்ச ஈட்டை (கமராவில் +/- என்று இருக்கும்) -1க்கு இறக்குங்கள். சுற்றியுள்ள இருட்டைக் கண்டு கமரா படத்தை வெளிறச் செய்ய முயன்று ஷட்டரை இன்னும் மெதுவாக்கும். சனத்துக்குள் நின்று எடுப்பவருக்கு 50 மிமீ லென்ஸில் காட்சி அதிகம் நெருங்கித் தெரியும், 35 மிமீ வசதி. நிக்கொன் டி3500, டி5600 வைத்திருப்பவர்கள் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கும் லென்ஸையே கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும் பழைய 50 மிமீ 1.8டி இவற்றில் தானாக ஃபோகஸ் ஆகாது, லென்ஸுக்குள்ளும் இந்தக் கமராக்களுக்குள்ளும் அதற்கான மோட்டார் இல்லை.

வவுனியா வாசகர்: பாவித்த கமரா வாங்கும்போது எதைப் பார்ப்பது?

எஃப் 22இல் வெறும் வானத்தைப் படமெடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள்: கறுப்புப் புள்ளிகள் இருந்தால் சென்சரில் தூசி. அது துடைத்தால் போகும். லென்ஸைக் கழற்றிப் பின்பக்கத்தால் ஃபோன் லைற்றை அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலைபோல இழை தெரிந்தால் பூஞ்சணம், வாங்காதீர்கள். துப்புரவாக்கினாலும் அரித்த பூச்சு திரும்பி வராது. ஸூமின் இரு முனையிலும் ஃபோகஸ் பிடிக்கிறதா, கார்ட் வாசலும் பற்றரி மூடியும் இறுகப் பூட்டுகிறதா என்றும் பாருங்கள்.

மாங்குளம் வாசகி: எத்தனை மெகாபிக்சல் வேண்டும்?

8க்கு 12 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சடிக்க 8.6 மெகாபிக்சல் போதும். இப்போதைய எந்தக் கமராவிலும் அதைவிடக் கூட உண்டு.

முல்லைத்தீவு வாசகர்: வீடு கடற்கரையோரம். கமராவை எப்படிப் பாதுகாப்பது?

கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும், நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். உலர்ந்த துணியால் முதலில் தேய்த்தால் உப்புப் பொடி கீறும். லென்ஸ் கண்ணாடியில் முதலில் காற்று ஊதுங்கள், பிறகே துணி.

அலுமாரியில் தோல் பைக்குள் மாதக்கணக்காக வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சிறிய ஈரமானி ஒன்றைப் போட்டு ஈரப்பதத்தை 40-50 வீதத்தில் வைத்திருங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தவிடு உள்ளே போகும். நிறம் மாறிய ஜெல்லை மெல்லிய சூட்டில் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் நஞ்சு உண்டு, சமையல் சட்டியில் போட வேண்டாம்.