ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம்தானா?
வேலூர் தொரப்பாடி ஜெயிலைத் தாண்டி பஸ் போனாலே யாராவது ஒருத்தர் "14 வருஷம், அப்புறம் வெளியே வந்துடுவான்" என்பார். இல்லைங்க. ஆயுள் தண்டனை என்றால் உயிர் இருக்கும் வரை சிறை.

அப்போ 14 எங்கிருந்து வந்தது? கொலை மாதிரி, தூக்கு வரை போகக்கூடிய குற்றத்தில் ஆயுள் வாங்கியவரை 14 வருஷம் முடியும் முன் அரசு தண்டனையைக் குறைத்து வெளியே விடக்கூடாது என்று 1978ல் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். அது குறைந்தபட்சம், அவ்வளவுதான். 18 வயசானால் லைசென்ஸ் கேட்கலாம், ஆனால் எட்டு போட்டுக் காட்டினால்தானே கைக்கு வரும்? ராஜீவ் கொலை வழக்கில் 1991ல் கைதான நளினி, 2000ல் தூக்கு ஆயுளாகக் குறைந்தும், வேலூர் சிறையிலிருந்து விடுதலையானது 2022ல், அதுவும் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு.

அப்புறம், ஜெயிலில் பகல் ஒரு நாள், ராத்திரி ஒரு நாள் என்று எண்ணுவதும் சும்மா கதை.