கிராமங்களில் மின்சாரம் எல்லோருக்கும் கட்டுப்படியாகக் கிடைக்க என்ன செய்யலாம்?

எங்கள் தருமபுரிப் பக்கத்தை வைத்துச் சொல்கிறேன். யூனிட் விலைப் பேச்சை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மோட்டாருக்குக் கட்டணம் கிடையாது. 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் 60 நாளில் 8 யூனிட்தான். 75 வாட் ஃபேன் ராத்திரி பத்து மணி நேரம் ஓடினால் 45. டி.வி., மிக்ஸி, செல்போன் சார்ஜர் என்று கூட்டிப் பார்த்தாலும், ஃபிரிட்ஜ் இல்லாத சின்ன வீடு நூறுக்குள் அடங்கிவிடும்.

அப்படியும் இங்கே ஜனங்கள் கரண்டுக்குக் காசு செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் பென்னாகரம் பக்கம் எரிந்த மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், புதிதாகக் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அந்தக் காசில் ஒரு பங்கு என் கல்லாவுக்கு வருவதால் எனக்கு நன்றாகவே தெரியும். வழக்கமாக வரும் ஒரு பெரியவர் சொல்வார்: "கரண்டு ஓசிதான் தம்பி, உனக்குக் குடுக்கிறதுதான் எனக்குக் கரண்டு பில்லு."

எரிந்த மோட்டாரைப் பிரித்தால் என்ன நடந்தது என்று காயிலே சொல்லிவிடும். விவசாய மோட்டாருக்குக் கரண்டு மூன்று கம்பியில் வரும், ஒவ்வொன்றும் ஒரு பேஸ். மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய (ஸ்டார் இணைப்பு) மோட்டாரில் இரண்டு பேஸ் காயில் கருகிப்போய், மூன்றாவது மட்டும் புதுச் செம்பு மாதிரி பளபளவென்று இருந்தால், ஒரு பேஸ் போன பிறகும் மோட்டார் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். டிரான்ஸ்பார்மரில் ஒரு ஃபியூஸ் போயிருக்கும், அல்லது மூன்று பேஸும் (திரி பேஸ்) வராத நேரத்தில், இல்லாத பேஸை ஈடுகட்டக் கண்டென்சர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டியிருப்பார்கள். தக்காளி வாடும்போது யாரும் மணி பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார்கள், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று பேஸும் ஒரே சீராகக் கருகியிருந்தால் லோ வோல்டேஜ் பக்கம்தான் சந்தேகம் போகும். வோல்டேஜ் குறைந்தால், அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதலாக ஆம்பியர் இழுக்கும். சூட்டில் கம்பி மேல் பூசிய வார்னிஷ் கருகும், அப்புறம் காயில் போய்விடும். காயில் கட்டுகிற கூலியோடு முடிந்தாலும் பரவாயில்லை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே தூக்கவும் மறுபடி இறக்கவும் ஆள்கூலி, வண்டி வாடகை வேறு. அதற்குள் பயிர் காய்ந்துவிடும்.

லோ வோல்டேஜ் ஏன் வருகிறது? ஊருக்குள் ஒரு பெரிய டிரான்ஸ்பார்மரை நிறுத்தி, அதிலிருந்து தாழ்வழுத்தக் கம்பியைக் காடுகாடாக இழுத்துக்கொண்டே போவதால்தான். கடைசிக் கம்பத்துக்குப் போய்ச் சேரும்போது கம்பியிலேயே வோல்டேஜ் நன்றாகக் குறைந்துவிடுகிறது. 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனைக் கிணறுகளுக்குப் பக்கம் வரை கொண்டுபோய், இரண்டு மூன்று மோட்டாருக்கு ஒன்று என்று சின்ன டிரான்ஸ்பார்மர் வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். அதே மின்சக்தியை 400 வோல்ட்டுக்குப் பதில் 11,000 வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் 27 மடங்குக்கு மேல் குறைகிறது. கம்பியில் வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே கம்பியில் இழப்பு 750-ல் ஒரு பங்காகிவிடும். மின்வாரியத்துக்கும் இது தெரியாததல்ல, சில இடங்களில் செய்தும் இருக்கிறார்கள். இன்னொரு இலவச அறிவிப்பை விட இந்த வேலையை எல்லா ஊரிலும் முடிப்பதுதான் விவசாயியின் மடியில் காசை மிச்சம் பிடிக்கும் என்பது என் கருத்து. என் தொழிலுக்கு நஷ்டம்தான், சரி, போகட்டும்.

அடுத்தது, மீட்டரே இல்லாதவர்கள். புறம்போக்கிலோ, பாகம் பிரிக்காத நிலத்திலோ வீடு கட்டியவர்கள் பட்டா இல்லை என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்கிறார்கள். ஒயர் கொடுத்தவர் கேட்கிற காசைக் கொடுத்தாக வேண்டும். ஊரிலேயே ஏழையாக இருப்பவர் இலவச 100 யூனிட்டையும் இழந்து, மாதாமாதம் பணமும் கட்டுகிறார். நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம்: குடியிருப்பவரே உரிமையாளராக இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு மின் விநியோக விதித்தொகுப்பு சொல்லவில்லை. நிலத்துக்காரர் படிவம் 5-ல் சம்மதம் தரவில்லை என்றால், சட்டப்படி அங்கே குடியிருப்பதற்கு ஆதாரம் காட்டி, படிவம் 6-ல் உறுதிப் பத்திரம் எழுதிக்கொடுத்து, வைப்புத் தொகையை இரு மடங்காகக் கட்டினால் சர்வீஸ் (மின் இணைப்பு) வாங்கலாம். பாகப் பிரச்சினையில் மாட்டியவர்களுக்கும் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இது நேராகவே உதவும். புறம்போக்கில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் குடியிருப்பு ஆதாரம் இழுபறியாகும். வீட்டுவரி ரசீது இருந்தால் அதையும் வைத்து எழுத்தில் விண்ணப்பியுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் "பட்டா கொண்டு வா" என்ற ஒரு பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும்.

அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் காட்டுக்குள் இருக்கும் மலைக் கிராமங்களின் கதை வேறு. சோலார் விளக்கு கொடுத்தால் போதும் என்று பலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பேனல் வருஷக்கணக்கில் உழைக்கும், பேட்டரி அப்படி உழைக்காது. லெட் ஆசிட் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆள் வேண்டும், சில வருஷத்தில் மாற்றப் பணம் வேண்டும். இரண்டுக்கும் ஏற்பாடு செய்யாமல் கொடுத்தால் கடைசியில் பேனல் மட்டும்தான் கூரையில் இருக்கும். அதோடு, அதில் மாவு மில்லும் ஓடாது, தண்ணீர் மோட்டாரும் ஓடாது.

லைன் இழுக்க வனத்துறை தயங்குகிறது என்றால் அதிலும் நியாயம் இருக்கிறது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. வெறும் கம்பி போனால் அதிலிருந்து வேலிக்குக் கரண்டு திருடுவது சுலபம். அதனால் காட்டுக்குள் வெறும் கம்பிக்குப் பதில் உறையிட்ட கேபிள்தான் சரி. செலவு கூடும், ஆனாலும் கேட்க வேண்டியது அதைத்தான்.

அனுமதிக்கு வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில், அரசு செய்து தரும் வசதிகளில் மின் லைனும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரை வேண்டும். நம்மிடம் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. "எங்கள் ஊருக்கு மின்சாரம் வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் குடியிருப்புக்கு, எவ்வளவு தூரம், வழியில் எத்தனை மரம் என்று இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நகலைக் கையெழுத்து, முத்திரையோடு கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.