சிறப்புக் குழந்தைகளை ஏ.ஐ. பார்த்துக்கொள்ளுமா?

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு. கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் வகுப்பில் பார்வை குறைந்த மாணவி ஒருத்தியும், காதுக்குக் கருவி மாட்டிய பையன் ஒருவனும் இருக்கிறார்கள். சாட்ஜிபிடியிடம் கேட்டு இருவருக்கும் பொருந்துகிற மாதிரி பாடக்குறிப்பு எழுதினேன். வழிகாட்டி ஆசிரியை "குறுக்குவழி" என்று திட்டுகிறார். தோழிகளோ "இனி இந்தப் பிள்ளைகளை ஏ.ஐ.யே பார்த்துக்கும்" என்கிறார்கள். நான் என்ன செய்ய?
- வாசகி, பெரம்பூர்

பதில்: திட்டுகூடப் பரவாயில்லை, தோழிகள் சொல்வதுதான் உறுத்துகிறது. நேற்றுவரை "ஸ்பெஷல் டீச்சர் பார்த்துப்பாங்க" என்றோம், இன்று அந்த நாற்காலியில் ஏ.ஐ.யை உட்கார வைக்கிறோம், அவ்வளவுதான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, இந்தப் பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்து படிக்க வழி செய்யும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்கள்மேல்தான் வைத்திருக்கிறது.

ஆசிரியை விஷயத்துக்கு வருவோம். சீனியரின் பாடக்குறிப்பை வாங்கித் தேதியை மட்டும் மாற்றி எழுதுவது பி.எட். கல்லூரிகளில் யாருக்கும் தெரியாத சங்கதியா என்ன? அதற்கு இது எவ்வளவோ மேல். தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் வந்ததை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். பாடத்தைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்துத் தரச் சொன்னால் தரும்; நடுவில் பாடநூலில் இல்லாத கலைச்சொல் ஒன்றையும் நுழைத்துவிடும், தேர்வில் கேட்பது பாடநூல் சொல்தான். அந்த மாணவிக்காக இதயப் படத்தை வார்த்தைகளில் விவரிக்கச் சொன்னால் இடம் வலம் சரியா என்று பாருங்கள், ஏனென்றால் படத்தில் நமக்கு வலப்பக்கம் தெரிவது உடம்பின் இடப்பக்கம். எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தால் படிக்க முடிகிறது என்பதை அவளிடமே கேளுங்கள், அது எந்தச் செயலிக்கும் தெரியாது.

பையனுக்கு, பேச்சை எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப் மாதிரி செயலி தமிழிலும் உண்டு. ஆனால் மின்விசிறி கடகடக்க, வகுப்பு மொத்தமும் சலசலக்க, நீங்கள் கரும்பலகையைப் பார்த்தபடி பேசினால் அது என்னத்தை எழுதும்? அவனுக்கும் உங்கள் உதடு தெரியாது. எழுதி முடித்து, திரும்பி நின்று பேசுங்கள். முதல் பெஞ்சில் உட்கார வையுங்கள். இதற்கெல்லாம் இணையம்கூட வேண்டாம்.

அப்புறம், பிள்ளைகளின் பெயர், மருத்துவச் சான்று, அடையாள அட்டை எண் எதையும் சாட்ஜிபிடியில் தட்டச்சு செய்யாதீர்கள். "பார்வை குறைந்த ஒரு மாணவி" என்றாலே அதற்குப் போதும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது.

எழுத்தில் தடுமாறும் பிள்ளையின் நோட்டைப் படம் பிடித்துப் போட்டு "இது டிஸ்லெக்சியாவா?" (படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) என்று கேட்கும் பழக்கமும் பரவிவருகிறது. அது வேண்டாம். சந்தேகம் இருந்தால் சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் நம் சென்னையிலேயே இருக்கின்றன.