வாசகர் கேள்வி பதில்: செங்கல் சூளைக் கொத்தடிமைகள்

கேள்வி: எங்கள் ஊர்ச் செங்கல் சூளையில் இருளர் குடும்பங்கள் வேலை பார்க்கின்றன. ஜோடிக்கு 40,000 ரூபாய் முன்பணம். அடி உதை கிடையாது, பூட்டி வைப்பதும் கிடையாது. ஆனால் கடன் தீரும்வரை வேறு வேலைக்குப் போகக் கூடாதாம். இது கொத்தடிமை ஆகுமா?
- வாசகர், திருவள்ளூர் மாவட்டம்

பதில்: ஆகும். முன்பணத்துக்காக ஒருவர் வேறு வேலை தேடும் உரிமையையோ, நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமையையோ, குறைந்தபட்சக் கூலியையோ இழந்தால், 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அவர் கொத்தடிமை. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பு என்று 1982-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

‘வாங்கிய கடனை அடைக்க வேண்டாமா?’ என்பார்கள். கணக்கு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படும். வாராவாரம் சாப்பாட்டுச் செலவுக்குக் கொடுப்பது கடனில் ஏறும். மழையில் கரைந்த கல்லுக்குக் கூலி இல்லை. நோட்டு முதலாளியிடம், எழுதுவதும் அவரே. காயும் பச்சைக் கல்லைத் திருப்பிப் போடக் குழந்தைகளை விடுவார்கள், எடை குறைந்தவர்கள் மிதித்தால் கல் உடையாது என்பதால். அவர்களுக்குத் தனிக் கூலி கிடையாது. சீசன் முடியும்போது கடன் மிஞ்சத்தான் செய்யும்.

புகாரை யாரும் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுதுங்கள். சூளைக்குப் போகும் வழி, எத்தனை குடும்பம், எத்தனை குழந்தைகள், சொந்த ஊர், முன்பணம், வாரச் செலவு, ஓடிப்போய்த் திரும்ப இழுத்துவரப்பட்டவர் உண்டா என்பதெல்லாம் அதில் வேண்டும். குழந்தைகள் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள். முதலாளியிடம் நியாயம் கேட்கப் போகவே போகாதீர்கள். செய்தி கசிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பங்களை வேறு இடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். விசாரணை பெரும்பாலும் கெடுவது எங்கே தெரியுமா? முதலாளியும் ஆள் பிடித்துவந்த மேஸ்திரியும் பக்கத்தில் நிற்க, ‘இஷ்டப்பட்டுத்தானே வேலை செய்கிறாய்?’ என்று கேட்கும்போதுதான். தொழிலாளர்களைச் சூளையிலிருந்து வெளியே கொண்டுவந்து, தனித்தனியாக, அவர்கள் மொழியிலேயே விசாரிக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது (பிரிவு 15).

கேள்வி: மீட்கப்பட்டவர்களை ‘இப்போதைக்கு ஊருக்குப் போங்கள், சான்றிதழ் பிறகு வரும்’ என்கிறார்கள். சரிதானா?
- வாசகி, வேலூர்

பதில்: சரியில்லை. கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று காட்டும் விடுதலைச் சான்றிதழ் கையில் இல்லாதவரை முதலாளி அடுத்த வாரமே கடனைக் கேட்டு வீட்டு வாசலில் நிற்பார். அந்தத் தாள் இருந்தால் கடன் சட்டப்படி செல்லாது என்று காட்டலாம். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவருக்கு 3 லட்சம்.

கணவன் பெயரில் மட்டும் சான்றிதழ் எழுதினால் மனைவியின் தொகை போய்விடும். ஒவ்வொருவருக்கும் தனியாக வாங்குங்கள். பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து வந்தவர்கள் என்றால் சான்றிதழ் நகல் அந்த மாவட்ட ஆட்சியருக்கும் போக வேண்டும்.

உடனடி உதவிக்கு வழக்கின் முடிவு தேவையில்லை. முழுத் தொகை வழக்கோடு பிணைந்தது. எனவே முதல் தகவல் அறிக்கை இல்லாமல் விட்டுவிடாதீர்கள். 1976 சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு, அபராதம் 2,000 ரூபாய்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவான ஆள்கடத்தலையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதில் குறைந்தபட்சமே 7 ஆண்டு. ஒருவருக்கு மேல் கடத்தியிருந்தால் 10 ஆண்டு. பணம் காட்டிச் சம்மதம் வாங்குவதும் அதில் குற்றமே, ‘அவர்களாகத்தான் வந்தார்கள்’ என்ற வாதம் எடுபடாது. இலவச வழக்கறிஞருக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள்.

கேள்வி: மீட்ட பிறகும் சிலர் அதே சூளைக்குத் திரும்புகிறார்களே, ஏன்?
- வாசகர், காஞ்சிபுரம்

பதில்: மழைக்காலத்தில் வேலை இருக்காது. வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் கைநீட்டிப் பணம் தருபவர் அந்த மேஸ்திரி ஒருவர்தான். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், வீட்டுமனைப் பட்டா, நூறு நாள் வேலை அட்டை இவற்றில் எது இல்லை என்று முதல் மாதத்திலேயே பட்டியல் எடுத்து, மாவட்டக் கண்காணிப்புக் குழுவிடம் கொடுங்கள். 1976 சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி அந்தக் குழு அமைக்கப்பட்டிருக்க வேண்டும்; கூட்டம் நடக்கிறதா என்று ஆட்சியரிடம் எழுத்தில் கேளுங்கள். குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டாம், கல்வியாண்டின் நடுவிலும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம்.